குடியிருப்போர் நலச் சங்கம், தருமபுரி: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கொடியேற்றங்களும் பொங்கல் விழாவும் வழக்கம்போல நடந்தன. தெருவிளக்குகள் பற்றிக் கொடுத்த மனுவுக்குப் பெரும்பாலும் பலன் கிடைத்தது. நிர்வாகக்குழுக் கூட்டங்கள் பல, கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டன.

இந்த ஆண்டின் முக்கியப் பணி குடிநீர்ப் பரிசோதனை. "ஒகேனக்கல் தண்ணீர்தான் வருகிறதே, இதற்கு எதற்குச் செலவு?" என்று சிலர் கேட்டதால் விரிவாகவே சொல்கிறேன்.

நம் பாறை நிலத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு அதிகம். பழுப்புக் கறை ஏறிய பற்களை நம் வீடுகளிலேயே பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதற்காகவே ஜப்பான் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு, வேறு நீரே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. காவிரித் தண்ணீர் வாசல் வரை நன்றாக வந்தாலும், பல வீடுகளில் போர் தண்ணீர் விழும் அதே தரைத்தொட்டியில்தான் அதுவும் விழுகிறது. அப்படிப்பட்ட தொட்டிகளின் நீரில் ஃபுளோரைடு சோதனை மருந்தை விட்டதும், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய நிறம் மஞ்சளை நோக்கிப் போனது, அதாவது ஃபுளோரைடு அதிகம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடும். நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைச் சொல்லும் டிடிஎஸ் மீட்டர் காட்டும் எண்ணை வைத்தும் ஃபுளோரைடையோ கிருமியையோ அறிய முடியாது.

கிருமியைக் கொல்லக் கலக்கும் குளோரின் விஷயமும் உண்டு. குழாயின் கடைசி வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும். குளோரின் இருந்தால் மஞ்சளாகும் இந்தச் சோதனையில், மேல்நிலைத் தொட்டிக்கு அருகில் நல்ல மஞ்சள் காட்டிய சோதனைக் குழாய், கடைசித் தெருவில் நிறமே மாறவில்லை. அங்கே வால்வுக் குழியில் சாக்கடை நீர் நின்றிருந்தது. அந்தத் தெருவின் குடிநீர்க் குழாயிலிருந்து பிடித்து வைத்த கிருமிச் சோதனைப் புட்டி மறுநாள் கறுத்துவிட்டது, அதாவது நீரில் கிருமி இருந்தது. அதைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டிய பிறகே, பலமுறை மனு கொடுத்தும் அசையாத அதிகாரிகள் வந்து இணைப்பை மாற்றினார்கள். அதன்பின் வைத்த புட்டி கறுக்கவில்லை. செலவு வீணா என்பதை அந்தத் தெருவாசிகளிடம் கேட்கலாம்.

ஆனால் மாதிரி எடுக்கச் சென்றபோது கதவைத் திறக்காத வீடுகளும் உண்டு. வீட்டுக்குப் பெயர் கெடும் என்று அஞ்சினார்களாம். எந்த வீட்டு முடிவையும் அந்த வீட்டாரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டேன்.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. வரவைவிடச் செலவு சற்று மிகுந்தது. சந்தா பாக்கியே காரணம். மாடி மேல் மாடி கட்டியவர்களின் பெயரும் பாக்கிப் பட்டியலில் இருப்பது வருத்தம் தருகிறது. சோதனை மருந்தில் ஒரு பகுதியை என் சொந்தப் பணத்தில்தான் வாங்கினேன்.

மாதிரி எடுக்க உடன் வந்த இளைஞர்களுக்கும், கூட்டத்துக்கு இடம் தந்த பள்ளிக்கும், தேநீர் தந்த அன்பர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் போர் தண்ணீருக்குத் தனித் தொட்டி, தனிக் குழாய் என்று ஒவ்வொரு வீடும் பிரித்துவிட வேண்டும். கோடைக்கு முன் மீண்டும் எல்லாத் தெருக்களிலும் சோதனை செய்யத் திட்டம் இருக்கிறது. மருந்துதான் கையிருப்பில் இல்லை. பொருளாளர் கூட்டம் முடிந்த பிறகும் ரசீதுப் புத்தகத்துடன் இங்கேயே இருப்பார்.

செயலாளர்