கல்வட்டத்தைக் கண்ணில் படாமலே தாண்டி வந்தேன்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் பயணப் பக்கத்தில் இங்கிலாந்து பற்றி வருவதையெல்லாம் விடாமல் படிக்கிறேன். லண்டன், ஸ்டோன்ஹெஞ்ச், அதோடு முடிந்துவிடுகிறது. டெவன் பகுதியில் இருக்கும் டார்ட்மூர் மேட்டுநிலம் பற்றியும் எழுதுங்கள், எழுதும்போது முதல் தடவை போகிறவர்களை வழிகாட்டியோடு போகச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

போன வருடம் நான் வரைபடத்தை நம்பித் தனியாகப் போனேன். ஃபெர்ன்வொர்தி நீர்த்தேக்கத்தின் ஓரமாக நடந்து, ஊசியிலைக் காட்டுக்குள் ஏறி, மறுபக்கம் மூரில் (மரமே இல்லாத, காற்றடிக்கும் மேட்டுப் புல்வெளியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வெளியே வந்தேன். மூடுபனி இறங்கியது, பயந்துபோய் வந்த வழியே திரும்பிவிட்டேன். சென்ற மாதம் ஒரு வழிகாட்டியின் குழுவோடு அதே பாதையில் நடந்தபோதுதான் தெரிந்தது, பாதைக்குப் பக்கத்திலேயே, மரங்களுக்கு நடுவே ஓர் இடைவெளியில், வெண்கலக் காலத்துக் கல்வட்டம் ஒன்று நிற்கிறது. பெரும்பாலும் இடுப்பு உயரம்கூட வராத கற்கள். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை அதைத் தாண்டியிருக்கிறேன்!

வழிகாட்டி அம்மா எங்களை அங்கே உட்கார வைத்துப் பேசினார். 1897-ல் அந்த வட்டத்தைத் தோண்டியபோது உள்ளே தரை முழுக்கக் கரித்துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அங்கே என்ன நெருப்பு மூட்டினார்கள், எதற்காக மூட்டினார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அப்புறம் அவர் சொன்ன இன்னொரு விஷயம் என் மனதை விட்டுப் போகவே இல்லை. வரைபடத்தில் 'டார்ட்மூர் ஃபாரஸ்ட்' என்று பெரிதாகப் போட்டிருக்கும் இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரம் கிடையாது, ஏனென்றால் அந்தக் காலத்தில் ஃபாரஸ்ட் என்றால் அரசன் வேட்டைக்கென்று ஒதுக்கிய நிலம், 1239-ல் மூன்றாம் ஹென்றி அதைத் தன் தம்பி ரிச்சர்டுக்குக் கொடுத்தார். நாங்கள் நடந்துவந்த நிஜக் காட்டின் மரங்களையோ 1921 வாக்கில்தான் நடத் தொடங்கினார்கள். அதாவது, கற்கள் மூவாயிரம் ஆண்டுக்கு மேல் திறந்த வெளியில் நின்றபிறகு மரங்கள் வந்து சுற்றிக்கொண்டன. இது தெரியாமல் பார்த்தால், பழங்காலத்து அடர்காட்டுக்குள் யாரோ ஒளித்துவைத்த வட்டம் என்றுதான் எவருக்கும் தோன்றும்.

காட்டு எல்லையின் கேட்டைத் தாண்டி மேட்டில் ஏறினால் கிரே வெதர்ஸ். அருகருகே இரண்டு வட்டங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 33 மீட்டர் அகலம், விழுந்து கிடந்த கற்களை 1909-ல் நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். வெதர் என்றால் காயடித்த செம்மறிக் கிடாய். மூடுபனியில் இந்தக் கற்களை ஆட்டுமந்தை என்று காட்டி வெளியூர்க்காரன் ஒருவனிடம் விற்றுவிட்டார்கள் என்று அங்கே ஒரு கதை உண்டு. அன்றைக்கு எங்களுக்கும் லேசாகப் பனி இறங்கியது. தூரத்திலிருந்து பார்த்தேன், சத்தியமாக ஆடுகள்தான்.

அங்கிருந்து 538 மீட்டர் உயரமுள்ள சிட்டாஃபர்ட் டோர் பாறைக் குவியலுக்கு ஏறி, தெற்கே போஸ்ட்பிரிட்ஜ் பலகைக்கல் பாலம் வரை இறங்கினோம். பச்சைப் பசேலென்று அழகாகத் தெரிகிற இடத்தில்தான் கால் புதையும் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார், ஒருவர் கேட்காமல் வைத்தார், முழங்கால் வரை போனது. வட டார்ட்மூரில் ராணுவப் பயிற்சி நிலமும் இருக்கிறது. சுடும் நாட்களில் சிவப்புக் கொடி ஏற்றுவார்கள், நேரங்களை முன்கூட்டியே வெளியிடுவார்கள், தனியாகப் போன அன்று நான் அதைப் பார்க்கவே இல்லை.

சரி, கட்டுரை போடுவதாக இருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கல்வட்டங்களுக்கு வேலி கிடையாது, டிக்கெட் கிடையாது, காவலுக்கும் ஆள் கிடையாது. போகிற வழியில் ஒரு பழைய கற்குவையிலிருந்து கற்களை உருவி யாரோ படத்துக்காகக் கோபுரம் அடுக்கியிருந்தார்கள். வழிகாட்டி அம்மா அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. நம் வாசகர்கள் போனால் ஒரு கல்லைக்கூட நகர்த்த வேண்டாம் என்று தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்