டிக்சன் வீட்டுப் படம்

தென்காசி,
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அதை உன்னிடம் சொல்லக் கூடாதென்று எனக்கு உத்தரவு. போனில் பேச ஆரம்பித்தால் மூன்றாவது நிமிஷம் அவள் வாங்கிக்கொள்கிறாள். அதனால் பழையபடி கடிதம். எழுதி முடித்ததும் படம் பிடித்து மாப்பிள்ளை போனுக்கு அனுப்பிவிடுவேன், தபால் செலவு மிச்சம்.

குவைத்திலிருந்து நீ அனுப்பிய டிக்சன் வீட்டுப் படம் பார்த்தேன், அங்கே பிரிட்டிஷ் சர்க்காரின் ஆளாக இருந்தவரின் வீடு. வெள்ளைச் சுவர், நீலக் கதவு, முன்னால் பாப்பா கையில் உருகுகிற ஐஸ்கிரீம். "ஒரே ஒரு வெள்ளைக்காரர் இந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஊரையே எப்படிப்பா ஆட்டிவைத்தார்?" என்று கேட்டிருந்தாய். நல்ல ஆளிடம்தான் கேட்டாய். ரிடையர் ஆனதிலிருந்து, நீ வாங்கிக் கொடுத்த டேப்பில் நான் படிப்பதே அந்தப் பழைய ஃபைல்களைத்தான். லண்டன் நூலகத்தில் கிடந்தவற்றைக் கத்தார்க்காரர்கள் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். அம்மா இதை "உங்கப்பாவின் புது ஆபீஸ்" என்கிறாள்.

முதலில் ஒன்று. பாளையங்கோட்டையில் படிக்கும்போது என் ஸ்டாம்ப் ஆல்பத்தில் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட இந்திய ஸ்டாம்ப் ஒன்று இருந்தது. மேலே கறுப்பு மையில் 'குவைத்' என்று குத்தியிருக்கும். அச்சுப் பிழை என்று நினைத்து அதை ஒரு பையனிடம் மலிவாக மாற்றிக்கொடுத்துவிட்டேன். பிழையே இல்லை. நீ இருக்கும் ஊரில் அப்போது தபால் ஆபீஸ் நம்முடையது, ரூபாய் நம்முடையது. குவைத் அப்போது டெல்லியின் கடைக்கோடி ஆபீஸ் மாதிரி. 1961-ல்தான் தினார் வந்தது. ஒரு தினாருக்குப் பதின்மூன்றேகால் ரூபாய்க்குக் கொஞ்சம் கூட. இன்றைய கணக்கை நீயே போட்டுப் பார்த்துச் சிரித்துக்கொள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். 1899 ஜனவரியில் குவைத்தை ஆண்ட ஷேக் முபாரக் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். பிரிட்டிஷ் சர்க்காரின் சம்மதம் இல்லாமல் வேறெந்த நாட்டின் பிரதிநிதியையும் ஊருக்குள் சேர்ப்பதில்லை. நிலத்தை விற்பதில்லை, குத்தகைக்கோ அடமானத்துக்கோ விடுவதில்லை. அவருக்கு மட்டுமல்ல, அவர் வாரிசுகளுக்கும் சேர்த்து. இதற்குக் கைமாறிய தொகை 15,000 ரூபாய், அதுவும் ரகசியமாக. எத்தனையோ அடமானப் பத்திரம் பார்த்தவன் நான். தவணைத் தேதி இல்லாத பத்திரத்தைப் பார்த்தால் எங்கள் பழைய தாசில்தார் "இது அடமானம் இல்லையப்பா, கிரயம்" என்பார்.

ஐந்து வருஷம் கழித்து, 1904-ல், கேப்டன் நாக்ஸ் என்பவர் முதல் பொலிட்டிகல் ஏஜென்டாக, அதாவது அந்த ஊரில் பிரிட்டிஷ் சர்க்காரின் பிரதிநிதியாக, வந்து இறங்கினார். படம் எடுத்தாயே, அந்த வீடுதான் முப்பது வருஷம் போல ஏஜென்சி, அதாவது ஏஜென்டின் ஆபீஸ். கூட இருந்தவர்கள் எத்தனை பேர் என்கிறாய்? கைவிரலில் எண்ணிவிடலாம். ஒரு தலைமைக் குமாஸ்தா, அரபியில் எழுத ஒரு முன்ஷி, ஒரு டாக்டர், சில காவலாட்கள், சேவகர்கள். பட்டாளம் கிடையாது. அது கடலில், கப்பலில் இருந்தது; கூப்பிட்டால் வரும் தூரத்தில். குடிக்கிற தண்ணீரே ஊரில் சரியாகக் கிடையாது, ஷத்துல் அரபு ஆற்றிலிருந்து மரக்கலத்தில் ஏற்றி வந்தார்கள். அந்த வெயிலில் கோட்டும் தொப்பியும் போட்டு உட்கார்ந்து மனிதன் என்ன செய்தான்? எழுதினான்.

நான் சொன்னால் மிகை என்பாய், ஆனால் அந்த ஆபீஸ் ஓடியதே காகிதத்தில்தான். பாலைவனத்திலிருந்து ஒரு பதூ, அதாவது நாடோடி அரபி, வந்து காபி குடித்துவிட்டு, இன்ன கோத்திரம் இன்ன கிணற்றுப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பான். அது அன்றைய குறிப்பு. குறிப்புகள் சேர்ந்து அறிக்கை. அறிக்கை கடலுக்கு அந்தப் பக்கம் பாரசீகத்தில் புஷைரில் இருக்கும் ரெசிடென்டுக்கு, அதாவது ஏஜென்டின் மேலதிகாரிக்கு, போகும். அவர் ஒரு மூடுகடிதம் வைத்து டெல்லிக்கோ சிம்லாவுக்கோ அனுப்புவார். அங்கிருந்து லண்டன். வழியில் பாக்தாத்துக்கு ஒரு நகல். பதில் அதே படிகளில் இறங்கி வர மாதக்கணக்காகும், அதற்குள் அந்தக் கோத்திரம் நாலு கிணறு தாண்டியிருக்கும்! நான் வேலை பார்த்த வழியும் இதுதானே: பிர்கா, தாலுகா, ஆர்.டி.ஓ., கலெக்டர். நாங்கள் இன்றும் எழுதுகிற நேர்முகக் கடிதம், அதுதான் டி.ஓ. லெட்டர், அதே நடையில் அங்கேயும் இருக்கிறது. முறையான கடிதத்தில் சொல்ல முடியாத கோபத்தையெல்லாம் "அன்புள்ள" என்று ஆரம்பித்து அதில் கொட்டியிருக்கிறார்கள். எனக்குச் சொந்த ஆபீஸ் ஃபைலைப் புரட்டுவது போலவே இருந்தது, அதுதான் கொஞ்சம் சங்கடமும்.

ஏஜென்ட் உத்தரவு போடுவதில்லை என்பதைக் கவனி. 'ஆலோசனை' சொல்வார். ஊருக்குள் ஆட்சி ஷேக்குடையது, வரி அவருடையது, அவர் குடிமக்களுக்கு நீதியும் அவருடையது. ஆனால் இந்தியர் போன்ற பிரிட்டிஷ் பிரஜைகள் மேல் வழக்கென்றால் ஏஜென்ட்தான் நீதிபதி. வெளிநாட்டோடு பேச்சென்றால் அவர் மூலம்தான். எண்ணெய்க் கம்பெனி வந்தபோதும் அவர் வழியாகத்தான் எல்லாம் போயிற்று.

ஆலோசனையின் எடை தெரிய வேண்டுமென்றால் 1922 டிசம்பரை எடுத்துக்கொள். உகைர் என்ற கடலோர இடத்தில் கூடாரம் போட்டு, ஈராக்கில் பிரிட்டிஷ் ஹை கமிஷனராக இருந்த சர் பெர்சி காக்ஸ் வரைபடத்தில் எல்லையாகச் சிவப்புக் கோடு இழுத்தார். ஒரு பக்கம், பின்னால் சவூதி அரேபியாவின் அரசரான இப்னு சவூத் நேரில் உட்கார்ந்திருக்கிறார். குவைத் ஷேக் அங்கே இல்லை. குவைத்துக்காக இருந்தவர் ஏஜென்ட் மேஜர் மோர். கோடு இழுத்து முடித்தபோது, குவைத் தன்னுடையதென்று நினைத்திருந்த நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போயிருந்தது. அப்புறம் காக்ஸ் குவைத்துக்குப் போய் ஷேக்கிடம் விஷயத்தைச் சொன்னார். ஒன்றரை சென்ட் வீட்டு மனைக்குப் பட்டா மாற்றுவதற்கே இரண்டு தரப்புக்கும் நோட்டீஸ் சார்வு செய்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி ஃபைலில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பீலில் நிற்காது. இவர்களுக்கு மேல் அப்பீல் ஏது?

டிக்சன் 1929-ல் வந்தார், 1936 வரை ஏஜென்ட். பெய்ரூட்டில் பிறந்தவர். சிறு வயதில் ஒரு பதூப் பெண்ணிடம் பால் குடித்ததால் அந்தக் கோத்திரத்துக்குத் தான் உறவு என்று சொல்லிக்கொள்வாராம். நம் ஊரிலும் இப்படி முறை சொல்லி ஓட்டுக் கேட்க வருவார்கள். ஆனால் இவர் விஷயத்தில் அது வெறும் வேஷமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பதவி முடிந்தும் ஊரை விட்டுப் போகவில்லை, எண்ணெய்க் கம்பெனி வேலையில் அங்கேயே தங்கிவிட்டார். மனைவி வயலட்டை ஊரார் 'உம் சவூத்' என்று மகன் பெயரால் அழைத்தார்கள். டிக்சன் இறந்த பிறகும் அந்த அம்மாள் முப்பது வருஷத்துக்கு மேல் அதே வீட்டில் இருந்து, 1990-ல் ஈராக் படை புகுந்த பிறகுதான் குவைத்தை விட்டுப் போனார். கோடு இழுத்தவர்களும் இவர்களும் ஒரே சர்க்காரின் ஆட்கள்தான். எனக்கு இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத் தெரியவில்லை.

இதெல்லாம் போகட்டும். என்னைத் தூங்கவிடாமல் பண்ணியது வேறு ஒரு கட்டு. பஹ்ரைன், ஷார்ஜா, மஸ்கட் பக்கத்து ஃபைல்களில் அடிமைகளின் வாக்குமூலங்கள் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு பக்கம், சில சமயம் அரைப் பக்கம். பெயர், வயது உத்தேசமாக, பிறந்த ஊர் பலூசிஸ்தானோ அபிசீனியாவோ, சின்ன வயதில் யார் தூக்கிவந்தது, யாரிடம் விற்றது. முத்துக் குளிக்கப் போய்ச் சம்பாதித்ததை எஜமான் வாங்கிக்கொண்டான், எனக்கு விடுதலைச் சீட்டு வேண்டும். அவ்வளவுதான். ஏஜென்சிக் கொடிக்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டால் விடுதலை கிடைக்கும் என்று அந்தக் கரை முழுக்கப் பேச்சு இருந்ததாம். அதற்காக மைல் கணக்கில் நடந்தோ படகில் ஒளிந்தோ வந்திருக்கிறார்கள். சர்க்காரைப் புண்ணியவான் ஆக்கிவிடாதே. கடலில் அடிமை வியாபாரத்தைத் தடுக்க ஒப்பந்தம் வாங்கியவர்கள், வீட்டு அடிமைகள் விஷயத்தில் ஷேக்குகளைப் பகைத்துக்கொள்ள வேண்டாமென்று நெடுங்காலம் பார்த்தும் பாராமல் இருந்தார்கள். பஹ்ரைனில் 1937-லும் கத்தாரில் 1952-லும்தான் சட்டப்படி ஒழிந்தது.

நான் பார்த்தது ஏஜென்டை அல்ல, அந்தப் பக்கத்தை எழுதிய குமாஸ்தாவை. வந்தவனுக்கு எழுதத் தெரியாது. அவன் சொன்னது மொழி மாறி மொழி மாறி இந்தக் கைக்கு வருகிறது. ஒரே ஆளின் பெயர் ஒரு தாளில் ஒரு மாதிரி, அடுத்த தாளில் இன்னொரு மாதிரி. சீட்டில் இருக்கும் பெயர் தன்னுடையது இல்லையென்று எவனாவது வழியில் மறித்தால் அவன் என்ன செய்வான்?

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ எட்டாவது படித்தபோது, அன்று நான் இருந்த ஆபீஸில் முதியோர் உதவித்தொகை என் பொறுப்பில் இருந்தது. ஒரு பாட்டி திங்கள்கிழமை தவறாமல் வருவாள். மனுவில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர்: முத்தம்மாள், முத்துலட்சுமி. ஒரு உறுதிமொழி எழுதி வாங்கியிருந்தால் தீர்ந்திருக்கும். பத்து நிமிஷ வேலை. "அடுத்த வாரம் வா" என்றேன், அப்புறமும் அதையே சொன்னேன். நாலு மாதம். கடைசியில் உத்தரவு போய் முதல் மணியார்டர், பெறுபவர் இறந்துவிட்டார் என்று திரும்பி வந்தது. ஃபைலை ஓராண்டு முடிவில் கட்டி வைத்தேன். இந்த வருஷம் ஷார்ஜாக்காரன் வாக்குமூலத்தைப் படிக்கும் வரை அதை யாரிடமும் பேசவில்லை. அம்மாவுக்கும் தெரியாது, அதனால் இந்தப் பக்கத்தை மட்டும் படம் பிடித்தபின் கிழித்துவிடுவேன்.

போன வாரம் நீ சொன்னாயே, உன் பிளாட்டுக்குப் பக்கத்தில் வீட்டு வேலை செய்யும் ராமநாதபுரத்து அம்மாள், பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது, ஏழு மாதச் சம்பளம் பாக்கி, தூதரகத்துக்கு ஒரு மனு எழுதித் தரச் சொல்கிறாள் என்று. "நமக்கெதற்குப்பா, உன் மாப்பிள்ளை வேலைக்கு ஏதாவது வந்துவிட்டால்?" என்றும் கேட்டாய். அன்று நான் பதில் சொல்லவில்லை. எழுதிக் கொடு. உன் பெயர் அதில் வரத் தேவையில்லை, எழுதியவர் பெயரை யாரும் கேட்பதில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டு வேலைக்காரர் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைக்கக் கூடாதென்று அந்த ஊர்ச் சட்டத்திலேயே இருக்கிறது.

கதை வேண்டாம், தேதி வாரியாக எழுது. வந்து இறங்கிய தேதி, பேசிய சம்பளம், கடைசியாகக் கையில் வாங்கிய மாதம். முதலாளியைத் திட்டி ஒரு வார்த்தையும் வேண்டாம். கேட்பது என்ன என்பதைக் கடைசியில் ஒரே வாக்கியத்தில் வை. மூன்று பிரதி எடு, ஒன்றில் பெற்றுக்கொண்ட சீலும் தேதியும் வாங்கி அந்த அம்மாளிடமே கொடுக்கச் சொல். பாஸ்போர்ட் நகல் ஊரில் அவள் மகனிடம் இருக்கும், வாட்ஸப்பில் வாங்கிக்கொள். அதில் பெயர் எப்படி இருக்கிறதோ, ஒரு எழுத்து மாறாமல், மூன்று பிரதியிலும் அப்படியே எழுது.

அன்புடன்,
அப்பா