ஒரு பருவம் பொய்த்தால் யார் தாங்குவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பருவநிலை மாற்றத்துக்கு ஏற்பச் சிறு விவசாயிகள் தங்கள் முறைகளை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் சொல்லியிருந்த தொழில்நுட்பங்கள் எதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 'விவசாயிகளிடம் போதிய விழிப்புணர்வு இல்லை' என்று ஒரு வரி வருகிறதே, அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

மழை தள்ளிப் போவதும், வந்தால் ஒரே நாளில் கொட்டித் தீர்ப்பதும், பூ எடுக்கும் நேரத்தில் அனல் அடித்து மணி பிடிக்காமல் போவதும் வயலில் நிற்பவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? புதிதாக ஒன்றைச் செய்து அது பொய்த்துப் போனால் அடுத்த வருஷம் விதை வாங்கவே வழி இருக்காது. அந்தப் பயத்தில்தான் தயங்குகிறார்கள்.

நான் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவள். குத்தகை நிலத்தில் பயிர் செய்த என் அப்பா, வறட்சியைத் தாங்கும் என்று பரிந்துரைக்கப்பட்ட ஒரு புதிய ரகத்தை நம்பி நிலம் முழுவதும் விதைத்தார். அந்த வருஷம் வறட்சி வரவில்லை. அறுவடை நேரத்தில் அடைமழை பிடித்து, கதிரிலேயே மணி முளைத்துவிட்டது. பரிந்துரைத்தவர்கள் அடுத்த திட்டத்துக்குப் போய்விட்டார்கள். கடன் மட்டும் எங்களோடு மூன்று வருஷம் இருந்தது. அப்புறம் அப்பா எந்தப் புது ரகத்தையும் தொடவில்லை. ஊரில் அதைப் பிடிவாதம் என்றார்கள். இழக்க எதுவும் மிச்சமில்லாத ஒருவர் போட்ட சரியான கணக்கு அது என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன்.

இது என் அப்பா ஒருவரின் பிரச்சினை இல்லை. உலகில் சுமார் 60 கோடி பண்ணைகள் இருப்பதாக ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ஆய்வாளர்கள் 2021இல் கணக்கிட்டார்கள். அவற்றில் ஆறில் ஐந்து, இரண்டு ஹெக்டேருக்கும் குறைந்தவை. மொத்த விளைநிலத்தில் இவர்கள் கையில் இருப்பது 12 சதவீதம்தான். ஆனால் உலக உணவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது.

பயம் குறைந்தால் இந்த விவசாயிகள் என்ன செய்வார்கள் என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. ஒடிசாவின் பழைய நெல் வகை ஒன்றிலிருந்து கிடைத்த, வெள்ளத்தைத் தாங்கும் மரபணுவை ஸ்வர்ணா நெல்லில் சேர்த்து, 2009இல் ஸ்வர்ணா சப்-1 என்ற ரகத்தை வெளியிட்டார்கள். இரண்டு வாரம் நீரில் மூழ்கினாலும் பிழைத்துக்கொள்ளும் நெல் அது. மற்றபடி சுவை, வயது, விளைச்சல் எல்லாம் விவசாயிகளுக்குப் பழக்கமான அதே ஸ்வர்ணாதான். ஒடிசாவில் அதை விதைத்தவர்கள் வெள்ளத்தில் தப்பித்ததோடு நிற்கவில்லை என்று பின்னால் நடந்த ஆய்வு காட்டியது. அவர்கள் உரம் கூடுதலாகப் போட்டார்கள், பரப்பைக் கூட்டினார்கள், கடன் வாங்கவும் துணிந்தார்கள். கானாவின் வடபகுதியில் நடந்து 2014இல் வெளியான ஆய்வும் இதையே சொல்கிறது. சிலருக்குப் பணம் கொடுத்தார்கள், சிலருக்கு மழை பொய்த்தால் ஈடு தரும் காப்பீடு கொடுத்தார்கள். நிலத்தில் அதிகம் போட்டது காப்பீடு பெற்றவர்கள்தான். கையில் காசு இல்லை என்பதைவிட, போட்டது போய்விடுமோ என்ற பயம்தான் அவர்களை அதிகம் தடுத்திருக்கிறது.

காப்பீடு இருந்தால் போதுமா என்று கேட்டால், அதிலும் சிக்கல் இருக்கிறது. மழை அளவை வைத்து ஈடு தரும் திட்டங்களில் மழைமானி எங்கோ இருக்கும். அங்கே பெய்த மழை நம் வயலில் பெய்திருக்காது. பயிர் காய்ந்து கிடக்கும், கணக்கில் மழை பெய்ததாக இருக்கும். ஒரு முறை அப்படி ஏமாந்தவர் மறுபடி பிரீமியம் கட்டுவாரா? மழைமானிகள் நெருக்கமாக வேண்டும், ஈடு அடுத்த விதைப்புக்கு முன்னால் கைக்கு வர வேண்டும், குத்தகைக்காரருக்கும் அது கிடைக்க வேண்டும். பத்திரம் இருப்பவருக்குத்தான் நிவாரணம் என்றால், உழுதவருக்கு நட்டமும் உடையவருக்குப் பணமுமாக முடியும்.

நில உரிமையைப் பற்றிச் சொல்லும்போது மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே வயலில் நிற்கும் மரமும் அரசுக்குச் சொந்தம் என்று காலனி காலத்துச் சட்டம் இருந்தது. அதனால் விவசாயிகள் தானாக முளைத்த கன்றுகளைக்கூட வளர விடவில்லை. 1980களில் அந்தப் பிடி நடைமுறையில் தளர ஆரம்பித்தது. வெட்டிய மரங்களின் அடிக்கட்டையில் துளிர்த்த கிளைகளில் சிலவற்றை மட்டும் விட்டு, மற்றதைக் கழித்து வளர விட்டார்கள். சுமார் இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின. அதில் ஒரு வேல இனம் மழைக்காலத்தில் இலை உதிர்க்கும். அதனால் பயிருக்கு வெயில் மறையாது. உதிர்ந்த இலை எருவாகும். பெரிய செலவில்லாமல் இவ்வளவும் நடந்தது, மரம் தன்னுடையது என்று விவசாயிக்கு நம்பிக்கை வந்ததால்தான்.

பக்கத்து நாடான புர்கினா ஃபாஸோவில் யாகூபா சவதோகோ என்ற விவசாயி, 1980களின் வறட்சியில், கோடையிலேயே நிலத்தில் குழிகள் தோண்டி எரு போட்டு வைத்தார். எருவைத் தேடி வந்த கரையான்கள் இறுகிய மண்ணைத் துளைத்து, மழைநீர் இறங்க வழி செய்தன. அது அங்கே பழைய முறைதான். அவர் குழியை ஆழமாக்கி எருவையும் சேர்த்தார். ஊரார் அவரைப் பைத்தியம் என்றார்கள். 2018இல் அவருக்கு 'சரியான வாழ்வுக்கான விருது' கிடைத்தது. இதைப் படித்துவிட்டு 'இதோ, எளிய தீர்வு' என்று சொல்லிவிடுவது சுலபம். ஒரு ஹெக்டேரில் அந்தக் குழிகளை வெட்டப் பல நூறு மணி நேரம் ஆகும். அந்த நாட்களுக்கான கூலியை யார் தருவது என்று கேட்காமல் இந்த முறையைப் பரப்ப முடியாது.

நெல் வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவதும் இப்படித்தான். துளையிட்ட ஒரு குழாயை மண்ணில் புதைத்து, நீர் 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் பாய்ச்சினால் போதும். தண்ணீரும் மிச்சம், நீர் தேங்கிய வயலிலிருந்து கிளம்பிப் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவும் குறையும். குழாய்க்குப் பெரிய செலவில்லை. ஆனால் மறுபடி நீர் வேண்டும்போது கிடைக்கும் என்ற உறுதி இருந்தால்தானே வயலைக் காயவிட மனசு வரும்? கால்வாயின் கடைமடையில் இருப்பவர் கிடைத்த அன்றைக்கே தேக்கி வைப்பார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் மனம் சோர்கிறது. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியம் தொடர்புடைய கணக்கு ஒன்று 2023இல் வந்தது. உலகம் முழுவதும் பருவநிலைக்காகச் செலவான நிதியில் சிறு உற்பத்தியாளர்களின் வேளாண்மைக்குச் சேர்ந்தது வெறும் 0.8 சதவீதம் என்றது அது. மாற வேண்டும் என்ற அறிவுரை முழுதாக வந்து சேர்கிறது, நிதி வந்து சேரவில்லை.

நான் கேட்பது இதைத்தான். ஒரு புதிய ரகத்தையோ முறையையோ பரிந்துரைக்கும் எந்தத் திட்டமும், முதல் இரண்டு பருவங்களுக்கு அதன் நட்டத்தில் பங்கு ஏற்கட்டும். முழு நிலத்திலும் போடச் சொல்லாமல், ஒரு மூலையில் போட்டுப் பார்க்க விதையும் கூலியும் கொடுக்கட்டும். பலன் தெரிந்தால் பக்கத்து வயல்காரர் தானே வந்து விதை கேட்பார்.

தங்கள் இதழுக்கும் ஒரு வேண்டுகோள். வெற்றி பெற்ற விவசாயிகளைப் படத்தோடு போடுகிறீர்கள், மகிழ்ச்சி. சொன்னபடி செய்தும் பயிர் போனவர்களையும் தேடிப் போய், என்ன நடந்தது, அந்த நட்டத்தை யார் ஏற்றார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அடுத்த விதைப்புக்கு முன்னால் அது வந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி