பாடியத் தூக்கினா கல்லு இடிக்காதா?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல ஏணி வச்சு ஏறுற அளவுக்கு தூக்கி நிறுத்தின ஜீப்பு படமெல்லாம் கலர்ல போட்டிருந்தீங்க, பாக்க கொள்ளாம், ஆனா மலைப் பாதைக்கு வண்டிய உசத்துற லிஃப்ட் வேலை கட்டாயம்னு ஒரு வரி எழுதிட்டு எந்த லிஃப்டுன்னு சொல்லாம விட்டுட்டீங்க. அந்த ஒரு வரிய நம்பி எங்க பக்கத்துல ரெண்டு பயலுவ அட்வான்ஸ் குடுக்கக் கெளம்பிட்டானுவ, அதான் எழுதுதேன்.

எனக்கு பேச்சிப்பாறை பக்கம் கொஞ்சம் ரப்பர் உண்டு. வண்டி பழைய மஹிந்திரா மேஜர். தோட்டத்துக்குப் போற பாதையில ரப்பர் தடி ஏத்துற லாரி போயிப் போயி ரெண்டு பக்கமும் சால் விழுந்து, நடுவுல வயல் வரப்பு மாதிரி மண்ணும் கல்லும் முட்டிக்கிட்டு நிக்கும். எடவப்பாதி மழையில சால் இன்னும் ஆழமாவும், அப்ப பின்னாடி ரெண்டு சக்கரத்தயும் சேக்குற ஆக்சில்ல இருக்குற, பல்சக்கரம் அடங்கின டிஃபரன்சியல் உருண்டை போயி டங்குன்னு இடிக்கும். டவுன்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன், பேரு வேண்டாம். "ரெண்டு இன்ச் தூக்கிரலாம் அண்ணே"ன்னான். சேஸுக்கும் (அடிச்சட்டம்தான்) பாடிக்கும் நடுவுல நைலான் கட்டைய வச்சு, பெரிய போல்ட்டு போட்டு முறுக்கி, பதினாலாயிரம் வாங்கிட்டு விட்டான். நானும் வண்டி உசந்து நிக்குற அழகப் பாத்துட்டு சந்தோசமா வந்தேன்.

மறுநாள் அதே எடம், அதே டங்கு.

எறங்கி டார்ச்ச அடிச்சிட்டு சேத்துல படுத்துப் பாத்தா உருண்டையில புதுசா வெள்ளையா ஒரு கீறல், அது மேல ஈர மண்ணு. பாடி மட்டும் மேல போயி நிக்கு, பம்பருக்கும் பாடிக்கும் நடுவுல கை நுழையுற கேப்பு. பாடி லிஃப்டுன்னா தகரத்த மட்டும்தான் தூக்கும் சார், சேஸு, கியர் பாக்ஸு, ஆக்சில் எல்லாம் இருந்த எடத்துலயே இருக்கும். மட்கார்டுக்குள்ள பெரிய டயர் நுழைய எடம் கெடைக்கும், அவ்வளவுதான். ஸ்டியரிங் ஷாஃப்ட்டு, ஹேண்ட் பிரேக் கேபிள், ஒயரு எல்லாம் இழுபட்டுக் கெடக்கும், அத எவனும் சொல்ல மாட்டான்.

சரி, ஸ்பிரிங்கா இருக்குற கமான் பட்டைய உசத்துற சஸ்பென்ஷன் லிஃப்ட் போட்டா? சேஸும் அதுல தொங்குறதும் உசரும், அது நெசம். ஆனா எங்க வண்டி மாதிரி ரெண்டு சக்கரத்துக்கும் சேத்து ஒரே கட்டியான ஆக்சில் உள்ளதுல உருண்டை ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல இருக்கு, பட்டைய எவ்வளவு ஏத்தினாலும் அது ஏறாது. அதத் தூக்கணும்னா டயர்தான் பெருசாவணும், அதுலயும் டயர் உயரம் ரெண்டு இன்ச் கூடினா உருண்டை ஒரு இன்ச்தான் ஏறும். டயர் பெருசானா ஃபர்ஸ்ட் கியர்ல இழுவை கொறையும், ஸ்பீடாமீட்டர் கம்மியா காட்டும். லிஃப்ட ரொம்ப ஏத்தினா கியர் பாக்ஸ் பக்கமிருந்து ஆக்சிலுக்குப் போற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் சரிவு கூடி ஜாயிண்ட் கிராஸ் தேயும், பிரேக் ஹோஸ் இழுக்கும், ஷாக் அப்சர்பர் நீளம் பத்தாது. ஒண்ணத் தூக்கப் போயி ஒம்பதுக்கு செலவு.

கடைசில பட்டை அடிக்கிற ஒரு பெரியவர் கீழ குனிஞ்சு பாத்துட்டு சிரிச்சாரு. "கமான் பட்டை செத்துக் கெடக்கு மக்கா, இத விட்டுட்டு பாடியத் தூக்கியிருக்கே"ன்னாரு. லோடு ஏத்தி ஏத்தி பட்டை தட்டையாப் போனத கழட்டி, சூடு பண்ணி வளைச்சு, ஒடஞ்ச ஒண்ண மாத்தி, புஷ் போட்டுத் தந்தாரு. நைலான் கட்டையக் கழட்டியாச்சு. உருண்டை இடிக்காம இருக்க ரெண்டு ஆளு, ரெண்டு மம்மெட்டி, ஒரு நாள் வேலை, நடு வரப்ப செத்தி சால்ல போட்டாச்சு. மிச்ச எடத்துல ஒரு பக்கத்து டயர வரப்பு மேலயே ஏத்தி ஓட்டுதேன்.

இன்னொண்ணு. ஆனி ஆடிக் காத்துல ஆரல்வாய்மொழி முப்பந்தல் பக்கம் சாதா ஜீப்பே ஆடும், தூக்குன வண்டி எப்படி இருக்கும்னு நெனச்சுக்கிடுங்க, மேல லோடும் இருந்தா சொல்லவே வேண்டாம்.

சட்டத்தயும் போட்டிருக்கலாம் சார். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 படி ஆர்.சி.ல உள்ள விவரம் கம்பெனி முதல்ல குடுத்ததுக்கு மாறாப் போற மாதிரி வண்டிய மாத்தக் கூடாது. 2019ல கொண்டு வந்த 182-ஏ படி அனுமதி இல்லாத ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா ஃபைன், இல்லன்னா ஆறு மாசம் வரை ஜெயிலு, ரெண்டும் சேந்தும் வரலாம். கட்டை விக்கிறவனுக்கு இதுல ஒரு நட்டமும் இல்ல, ரோட்டுல மறிச்சா நிக்குறது நாமதான்.

அடுத்த தடவை படம் போடும்போது உங்க போட்டோகிராஃபர வண்டிக்கு அடியில படுக்கச் சொல்லி ஒண்ணு எடுத்துப் போடுங்க, உருண்டை தரையில இருந்து எத்தன இன்ச்ல நிக்குதுன்னு ஸ்கேல் வச்சு. எங்க பக்கத்துப் பயலுவளுக்கு நானே காட்டிக்கிடுதேன்.

இப்படிக்கு,
ஒரு ரப்பர் தோட்டக்காரன்,
குலசேகரம்.