நாலு சில்லும் இழுத்தால் மட்டும் வண்டி நிற்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற கிழமை உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர், நாலு சில்லும் இழுக்கிற எஸ்யூவி வைத்திருப்பவனுக்கு வின்ரர் ரயர் வீண் செலவு, அது ரயர் கடைக்காரர் பிழைப்புக்குச் சொல்லும் கதை என்று எழுதியிருந்தார். வாசிக்கச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமும் வந்தது. இதையே நான் என் மருமகனுக்குச் சொல்லியிருக்கிறேன். அதுவும் சும்மா சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பஸ் டிப்போவில் நாலு வருடம் ரயர் கழற்றிப் பூட்டியவன் என்ற தலைக்கனத்தோடு சொன்னேன்.

எங்களிடம் இருப்பது 2021ஆம் ஆண்டு ரொயோற்றா ராவ்4, பெற்றோலில் ஓடும் லிமிடெட் ரகம். 19 அங்குல அலோய் ரிம். பார்க்க நல்ல எடுப்பு. கடையில் அந்த ரிம்மைப் பார்த்துத்தான் மனிசி தலையாட்டினா. வண்டியோடு வந்த, எல்லாக் காலத்துக்கும் என்று விற்கும் ஓல்-சீசன் ரயரிலேயே மூன்று வின்ரர் ஓடினோம், ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததால் நான் சொன்னதுதான் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

2025 ஜனவரியில் திருவெம்பாவை. விடியப் புறம் நாலரைக்கு, ரொறன்ரோவுக்குக் கிழக்கே இருக்கும் ஏஜாக்ஸிலிருந்து வெளிக்கிட்டு றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறோம். 407 நெடுஞ்சாலையில் றோட்டு சுத்தமாக இருந்தது. பேவியூ வீதியில் ஏறி வடக்கே திரும்பிய பிறகுதான் சின்னத் தூறலாக ஸ்னோ. ஒரு சந்தியில் சிவப்பு விழுந்தது. நான் 40இல்தான் போனேன், தூரத்திலேயே பிறேக்கும் வைத்தேன். காலுக்குக் கீழே பிறேக் கடகடவென்று துடிக்கிறது, வண்டி தன்பாட்டில் போகிறது. ஸ்ரியறிங்கைத் திருப்பினால் மூக்கு திரும்பவில்லை. மனிசி மடியில் இருந்த கடலைச் சட்டியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, ‘பிள்ளையாரப்பா’ என்ற ஒரு சொல்தான் சொன்னா. சந்தியைத் தாண்டி, வலது பக்கக் கரைக்கல்லில் முன் சில்லு மோதி நின்றது. எதிரே ஒரு வாகனமும் வரவில்லை. அதை நான் என் கெட்டித்தனம் என்று சொல்லமாட்டேன்.

கடலை ஒன்றும் சிந்தவில்லை. ரிம்தான் விளிம்பில் நெளிந்து வெடித்திருந்தது. 19 அங்குல ரயரின் பக்கச் சுவர் ஒடுக்கம், கரைக்கல் நேரே ரிம்மில் ஏறிவிட்டது. அதே ரிம் புதிதாக ஒன்று வாங்க வரியோடு 600 டொலருக்கு மேல் கேட்டார்கள். ஒரு ரிம்முக்கு.

நாலு சில்லும் இழுப்பது வண்டி கிளம்புவதற்கு உதவும், மேட்டில் ஏற உதவும். நிற்பதற்கு அது ஒன்றும் செய்யாது. பிறேக் எல்லா வண்டியிலும் நாலு சில்லுக்கும்தான் இருக்கிறது, பழைய கொரோலாவிலும் இருக்கிறது. நிற்பாட்டுவது ரயரும் றோட்டும் ஒட்டுகிற உள்ளங்கையளவு இடம் நாலு. ஓல்-சீசன் ரயரின் றப்பர் ஏழு பாகை செல்சியசுக்குக் கீழே போகப் போக இறுகத் தொடங்கும். வின்ரர் ரயரின் றப்பர் குளிரிலும் மெதுமையாக இருக்கும்படி கலக்கப்பட்டது, மேலே கத்தியால் கீறினமாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகளும் இருக்கும். ஸ்னோவைக் கவ்வுவது அந்த வெட்டுகள்தான். இதை விளங்கிக்கொள்ள எனக்கு 600 டொலர் ரிம் ஒன்று வெடிக்கவேண்டியிருந்தது.

சரி, வின்ரர் ரயர் வாங்குவோம் என்று போனால் அடுத்த கேள்வி: அதே 19 அங்குலத்துக்கா, 17க்கு இறங்குவதா? மருமகனுக்கு 17 பிடிக்கவில்லை. ‘மாமா, பெரிய வண்டிக்குச் சின்னச் சில்லுப் போட்டால் கோழிக்கால் மாதிரி இருக்கும்’ என்றார். பிறகு, ‘பாரம் தாங்குமா?’ என்றார். இரண்டாவது நல்ல கேள்வி.

இதற்கு ரயரின் பக்கத்தில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியவேண்டும். எங்கள் வண்டியில் இருந்தது 235/55R19. ரயரின் அகலம் 235 மில்லிமீற்றர், அதில் 55 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது 129 மில்லிமீற்றர். 19 என்பது ரிம்மின் குறுக்களவு. அதே ராவ்4இன் குறைந்த விலை மொடலுக்குக் கொம்பனியே போட்டு அனுப்புவது 225/65R17. அதன் பக்கச் சுவர் 146 மில்லிமீற்றர். ரிம் இரண்டு அங்குலம் சின்னது, ஆனால் ரயர் தடிப்பு. முழுச் சில்லையும் அளந்தால் ஒன்று 741, மற்றது 724 மில்லிமீற்றர். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. வேக மீற்றர் 100 காட்டும்போது உண்மையில் 98க்குக் கிட்டப் போவோம், அவ்வளவுதான். பாரத்துக்கும் இலக்கம் இருக்கிறது. எங்கள் 19 அங்குல ரயரில் 101 என்று இருந்தது, ஒரு சில்லுக்கு 825 கிலோ. வாங்கிய 17 அங்குல ரயரில் 102, அதாவது 850 கிலோ. சின்ன ரிம்மின் ரயர்தான் கூடத் தாங்குகிறது. மருமகன் போனில் தேடிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

அப்படியென்றால் 16க்கும் இறங்கலாமே என்று ஒருவர் கேட்டார். கண்டபடி இறங்கக்கூடாது. உள்ளே பிறேக்கின் பிடி இருக்கிறது, ரிம் அதில் முட்டும். உங்கள் வண்டியின் அதே வருட, அதே மொடலின் குறைந்த ரகத்துக்கு எந்த அளவு போடுகிறார்களோ அதுவரை போவதுதான் புத்தி. அப்போதும் ரிம்மைப் போட்டுச் சில்லைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ரயர் பூட்டவேண்டும்.

காசுக் கணக்கு இது. 19 அங்குலத்தில் நாலு வின்ரர் ரயர் எனக்குச் சொன்ன விலை 1,240 டொலர். அதையும் இருக்கிற அலோயிலேயே பூட்டவேண்டும், வருடத்துக்கு இரண்டு முறை ரயரைக் கழற்றிப் பூட்டும் கூலி வேறு, அலோய் ஐந்து மாதம் றோட்டில் கொட்டும் உப்பில் ஊறவும் வேண்டும். 17 அங்குலத்தில் அதே ரயர் நாலும் 780. இரும்பு ரிம் நாலு 360. மொத்தம் 1,140. ரயர் ரிம்மோடேயே இருப்பதால் சில்லை மாற்றினால் வேலை முடிந்தது, வீட்டு வாசலில் நானே செய்கிறேன். குழியில் விழுந்தாலும் நடுவில் 17 மில்லிமீற்றர் றப்பர் கூட இருக்கிறது. மார்ச்சில் மார்க்கம் றோட்டால் ஓடிப் பார்த்தவர்களுக்கு அந்த 17 மில்லிமீற்றரின் அருமை தெரியும்.

இப்போது என் இரண்டாவது மடத்தனத்தைச் சொல்லவேண்டும். கடிதம் எழுதத் தொடங்கியதே இதற்காகத்தான். மேலே சொன்ன 360 நான் முதலில் கொடுத்ததல்ல. இணையத்தில் ஒருவர் 17 அங்குல இரும்பு ரிம் நாலு 160 டொலருக்குப் போட்டிருந்தார். ஹொண்டா சிஆர்வியில் இருந்தது, ‘எல்லாத்துக்கும் பொருந்தும் அண்ணை’ என்றார். நான் நட்டுத் துளைகளை அளந்து பார்த்தேன். ஐந்து துளை, 114.3 மில்லிமீற்றர் வட்டம். ராவ்4க்கும் அதே ஐந்து, அதே 114.3. வாங்கினேன், ரயர் பூட்டினேன், சில்லு ஏறியது, நட்டு ஏறியது. எல்லாம் சரி.

401 நெடுஞ்சாலையில் 100ஐத் தொட்டதும் ஸ்ரியறிங் நடுங்கியது. ஸ்னோ உள்ளே ஒட்டியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இரண்டாம் கிழமை முன் பக்கத்தில் ‘டொக் டொக்’ என்று ஒரு சத்தம். ரயர் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே வேலை செய்த பொடியன் வவுனியாப் பக்கம், என் மகள் வயதுகூட இராது. வண்டியைத் தூக்கிவிட்டு ஒரு நட்டில் கை வைத்தார். ஸ்பனர் இல்லாமல் கையாலேயே அரைச் சுற்றுத் திரும்பியது. எனக்கு வயிற்றுக்குள் என்னமோ செய்தது.

நட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். ‘ஐயா, இதின்ரை அடியைப் பாருங்கோ, கூம்பு. இப்ப ரிம்மிலை அது இருக்கிற குழியைத் தடவுங்கோ.’ தடவினேன். குழி கிண்ணம் மாதிரி உருண்டையாக இருந்தது. ஹொண்டாவின் நட்டு அடியில் பந்து மாதிரி உருண்டிருக்கும், ரிம்மின் குழியும் அதற்கேற்ற கிண்ணம். நான் பூட்டியது கூம்பு நட்டு. கிண்ணத்துக்குள் கூம்பை வைத்தால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும்தான் தொடும். குழியில் அந்தக் கோடு வெள்ளி நூல் மாதிரிப் பளபளவென்று தேய்ந்து கிடந்தது. எவ்வளவு இறுக்கினாலும் அது இளகும். நடுக்கத்துக்குக் காரணம் வேறு. ஹொண்டா ரிம்மின் நடுத் துளை 64.1 மில்லிமீற்றர், ரொயோற்றாவின் நடு அச்சு 60.1. நாலு மில்லிமீற்றர் இடைவெளியில் சில்லு நடுவில் உட்காராமல் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றிருக்கிறது. அதற்குப் பிளாஸ்ரிக் வளையம் இருக்கிறது, நட்டுக்கும் உருண்டை நட்டு வாங்கலாம் என்றார். எனக்கு அந்த ரிம்மைப் பார்க்கவே பிடிக்கவில்லை. புதிதாக ராவ்4க்கென்றே நாலு ரிம் வாங்கி, ரயரைக் கழற்றிப் பூட்ட இன்னொரு 100 கொடுத்தேன். அந்த நூறையும் பழைய ரிம்முக்குக் கொடுத்த 160ஐயும் மேலே கணக்கில் சேர்க்கவில்லை, மனிசி இந்தப் பத்திரிகை வாசிக்கிறவ. பழைய ரிம் நாலும் இப்போது மச்சானின் சிஆர்வியில் ஒரு குறையுமில்லாமல் ஓடுகின்றன. ரிம்மில் பிழை இல்லை.

இதில் எனக்கு மிகவும் சுட்டது என்னவென்றால், டிப்போவில் பஸ்சுக்குச் சில்லுப் பூட்டினால் ஓடிவிட்டு வந்ததும் திரும்ப ஒருக்கால் இறுக்காமல் எங்கள் போர்மன் வீட்டுக்குப் போக விடமாட்டார். அதை நான் நாற்பது வருடத்தில் மறந்துபோனேன். சில்லு மாற்றினால் 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு கட்டாயம் ஒருமுறை நட்டைப் பார்க்கவேண்டும். ராவ்4இன் நட்டை இறுக்கவேண்டிய அளவு 76 அடி-இறாத்தல். அளவு காட்டும் ஸ்பனர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், காலால் மிதித்து இறுக்குவதை விட்டுவிட்டேன்.

சில சின்ன விசயங்கள். ரயரின் பக்கத்தில் M+S என்ற எழுத்து மட்டும் இருந்தால் ஏமாறாதீர்கள், அது சாதாரண ஓல்-சீசனிலும் இருக்கும். மூன்று முகட்டு மலையும் உள்ளே ஒரு பனிப்பூவும் இருக்கிறதா என்று பாருங்கள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்த மலை இல்லாத ரயரோடு ஓடினால் தண்டம். மொன்றியலில் இருக்கும் என் அக்காவின் மகன் இதையெல்லாம் விவாதிப்பதே இல்லை, அங்கே சட்டம், முடிந்தது. ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 ஜனவரி 1 முதல் காப்புறுதிக் கொம்பனிகள் வின்ரர் ரயர் போட்டவர்களுக்குக் கட்டணத்தில் கழிவு கொடுத்தாகவேண்டும். கேட்காவிட்டால் தானாக வராது, நான் ஒரு வருடம் கேட்காமல் இருந்தவன். ரயரின் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சரை வின்ரர் சில்லில் நான் போடவில்லை, அதனால் வின்ரர் முழுக்க டாஷில் மஞ்சள் லைற் எரியும். மகளுக்கு அது பிடிக்காது. குளிர் ஐந்தாறு பாகை இறங்க ஒரு பவுண்ட் (psi) காற்றழுத்தம் இறங்கும் என்பதால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை அளவுகோலால் நானே பார்க்கிறேன். உங்களால் அது முடியாதென்றால் சென்சருக்குக் காசைச் செலவழியுங்கள்.

உங்கள் வாசகருக்கும் ஒரு இடம் விட்டுக்கொடுக்கிறேன். அவர் நகருக்குள் மட்டும், அதுவும் ஸ்னோ கொட்டும் நாளில் வெளியே போகாமல் இருக்கக்கூடியவர் என்றால், மலைக்குறி போட்ட ஓல்-வெதர் ரயர் (ஓல்-சீசன் அல்ல) ஒரு செற் போதும், வருடம் முழுக்க ஓடலாம். 400 நெடுஞ்சாலையில் வடக்கே பாரி பக்கம் வேலைக்குப் போகிறவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். ஏரிப் பக்கத்திலிருந்து ஸ்னோ அடித்தால் அங்கே பத்து நிமிடத்தில் முன்னால் போகிற வாகனத்தின் லைற்றே தெரியாது.

முதல் ஸ்னோ விழுந்த அன்று ரயர் கடைக்குப் போகாதீர்கள், நல்லூர்த் தேர் மாதிரிச் சனம். நான் தாங்ஸ்கிவிங் முடிந்து வரும் இரண்டாவது சனிக்கிழமை மாற்றுகிறேன். அன்று காலை என் வண்டி, மத்தியானத்துக்குப் பிறகு மருமகனுடையது. அவரும் இந்த வருடம் 17க்கு இறங்கிவிட்டார், கோழிக்கால் கதை இப்போது இல்லை. நிலக்கீழ் அறையில் 19 அங்குல அலோய் எட்டு அடுக்கி வைக்க இடம் எங்கே என்பதுதான் வீட்டில் இப்போதைய சண்டை.

இப்படிக்கு,
ஏஜாக்ஸ் வாசகர்