சேற்றுக் காலோடு வந்தவர்களுக்கும், கண்ணால் காணாத ஒரு மருத்துவருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

அம்மா வீடு திரும்பி நாற்பது நாள் ஆகிறது. வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றியை முதலில் எழுதிவிடுகிறேன்.

பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். அம்மாவுக்கு வயது 71. படியேறினால் மூச்சு வாங்கியதை மூப்பு என்றே இருந்துவிட்டோம். மலம் கறுத்துப் போனதற்குக் கடையில் வாங்கித் தின்ற இரும்புச்சத்து மாத்திரைதான் காரணம் என்று நினைத்தோம். அந்த மாத்திரைக்கு அப்படிப் போவதும் உண்டு. எங்கள் கிராம சுகாதாரச் செவிலியர்தான் அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. "மாத்திரையை நிறுத்தி எத்தனை நாள் ஆச்சு, பெரியம்மா?" என்று கேட்டார். பத்து நாள். நிறுத்திய பிறகும் கறுப்பு மாறவில்லை என்றால் அது உள்ளே கசியும் இரத்தமாக இருக்கலாம் என்று அன்றே தஞ்சாவூருக்கு அனுப்பினார். அந்தக் கேள்வி இல்லையென்றால் அம்மா இல்லை.

ஹீமோகுளோபின் 6. இரைப்பைச் சுவரில் எலுமிச்சை அளவு கட்டி, அதன் உச்சியில் புண், அதிலிருந்து கசிவு. இரத்தம் வேண்டும் என்று கேட்டதும் தாளடி நடவை விட்டுவிட்டு நான்கு தம்பிகள் பஸ் ஏறி வந்தார்கள். இரத்த வங்கிக் கட்டிலில் படுத்திருந்தவனின் கால் நகங்களில் வயல் சேறு காய்ந்திருந்தது. அதை நான் மறக்க மாட்டேன்.

கட்டி தசைக்குள் புதைந்திருந்ததால் எண்டோஸ்கோப்பியில் கிள்ளி எடுத்த சதையில் ஒன்றும் தெரியவில்லை. 'ஜிஸ்ட்' என்ற, புற்றாக மாறக்கூடிய கட்டியாக இருக்கலாம், அப்படியானால் ஆண்டுக்கணக்கில் மாத்திரை தேவைப்படலாம் என்றார்கள். இரைப்பையின் அந்தப் பகுதியை மட்டும் வெட்டித் தைத்த அறுவை மருத்துவருக்கும், இரவெல்லாம் டிரிப் பார்த்த செவிலியர்களுக்கும் எங்கள் கும்பிடு.

பிறகு பன்னிரண்டு நாள் காத்திருப்பு. வந்த அறிக்கையில் 'ஸ்வானோமா' என்றிருந்தது. இரைப்பைத் தசைக்குள் ஓடும் நரம்புகளைப் போர்த்தியிருக்கும் ஸ்வான் செல்களில் முளைக்கும் அபூர்வக் கட்டி. பெரும்பாலும் நடுவயதிலும் அதற்கு மேலும் வருவது, அநேகமாகத் தீங்கற்றது. ஸ்கேனில் ஜிஸ்ட் போலவே தோன்றுமாம். ஸ்வான் செல்லைக் காட்டும் எஸ்-100 சாயம் ஏறியது, ஜிஸ்ட்டைக் காட்டும் சி.டி.117 சாயம் ஏறவில்லை, அதை வைத்துப் பிரித்தறிந்திருக்கிறார், வெட்டியெடுத்த சதையை நுண்ணோக்கியில் ஆராயும் நோய்க்குறியியல் மருத்துவர். முழுதாக எடுத்தாகிவிட்டதால் மாத்திரை வேண்டாம், அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்றார்கள்.

அந்த நோய்க்குறியியல் மருத்துவர் ஐயா, அல்லது அம்மா, உங்கள் முகத்தை நாங்கள் பார்த்ததில்லை. கொல்லையில் பூவன் தார் முற்றி வருகிறது. முதல் சீப்பு உங்களுக்குத்தான் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அடுத்த முறை வரும்போது உங்கள் அறையை விசாரித்துக்கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
மூத்த மகன்