அந்தத் தேர்வறையின் கதவை மனமுவந்து திறந்துவிடுங்கள்

இஸ்ரேல் தலைமை ரபிகள் அவையின் பெரியோர்களுக்கு,

வணக்கம். யூத மதகுருக்களான உங்கள் அவை நடத்தும் ஹலாக்கா தேர்வை, அதாவது யூத மதச் சட்டத் தேர்வை, பெண்களும் எழுத வழிவிடுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம். நான் யூதப் பெண் அல்ல. எருசலேமில் ஒரு மூதாட்டியை ஆறு ஆண்டுகள் குளிப்பாட்டி, உணவூட்டி, மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டு, அவர் கண்மூடிய பிறகு ஊர் திரும்பிய தமிழ்ப் பெண். எங்கள் மத விவகாரத்தில் உனக்கென்ன பேச்சு என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் இந்தத் தேர்வு பற்றிய வழக்கில் நீதிமன்றத்தில் எந்தத் தரப்பும் காட்ட முடியாத ஒன்றை நான் தினமும் காலையில் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதற்காகவே எழுதுகிறேன்.

சவ்தா, அதாவது பாட்டி என்றுதான் நாங்கள் எல்லோரும் அவரை அழைப்போம். தேநீர் ஆறுவதற்குள், யூத மதச் சட்ட விவாதங்களின் பெருநூலான தல்மூத்தில் அன்றைய பக்கத்தை விரித்துவிடுவார். நடுவில் மூலம், ஒரு பக்கம் ராஷி என்ற இடைக்கால அறிஞரின் உரை, மறுபக்கம் ராஷியோடு மோதும் தோசஃபோத் உரை. எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்து. ஒரு கையில் பெரிதாக்கும் கண்ணாடி, மறு கையில் தொலைபேசி. மறுமுனையில் பேத்தி. ராஷியின் விளக்கம் இந்த இடத்தில் போதாது என்று பேத்தி சொல்ல, சவ்தா மேசையைத் தட்டித் தட்டி மறுப்பார். எனக்கு எபிரேயம் சமையலறை அளவுக்குத்தான் தெரியும். தல்மூத்தின் அரமேயம் துளியும் தெரியாது. இருந்தாலும், பொருளுக்காக இருவர் மல்லுக்கட்டுகிறார்கள் என்று புரிந்துகொள்ள மொழி எதற்கு?

தல்மூத் முழுவதையும் முடிக்க நாளுக்கு ஒரு தாளாக 2,711 தாள்கள், ஏழரை ஆண்டுகள். 2020 ஜனவரியில் எருசலேம் மாநாட்டு அரங்கில் படித்து முடித்த பெண்களின் விழா நடந்தது. ஆயிரக்கணக்கில் பெண்கள் கூடியிருந்தார்கள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனவள் நான். முடித்த நூலைப் பார்த்து 'உன்னிடம் திரும்பி வருவோம்' என்று எல்லோரும் சேர்ந்து சொன்னபோது சவ்தாவின் கன்னம் நனைந்திருந்தது. நான் துடைக்கவில்லை. துடைக்க வேண்டாம் என்று தோன்றியது.

அந்தப் பேத்திதான் உங்கள் ஹலாக்கா தேர்வை எழுத ஆசைப்பட்டாள். ஆண்களுக்கு மட்டும் என்று வாசலிலேயே நின்றுபோனது. 2019இல் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். தேர்வில் பெண்களையும் அனுமதிக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரபியாக முடியாதவர்களுக்கு ரபித் தேர்வு எதற்கு என்பது உங்கள் வாதம். வழக்குத் தொடுத்தவர்கள் ரபிப் பட்டம் கேட்கவில்லையே. கற்றதைச் சோதித்துப் பாருங்கள் என்றுதான் கேட்டார்கள். அந்தச் சான்றிதழ் அரசு வேலைக்கும் சம்பளத்துக்கும் பயன்படுகிறது. அதே நூலைப் படித்தவளுக்கு அது ஏன் கிடைக்கக் கூடாது?

எனக்கு மிகவும் வலிக்கும் இடம் ஒன்று உண்டு. உங்கள் பாடத்திட்டத்தில் மாதவிலக்கு நியமங்களும் இருக்கின்றன. அந்த நியமங்களைத் தன் உடம்பில் மாதந்தோறும் சுமப்பவள் அந்தப் பாடத்தில் தேர்வு எழுத முடியாது என்றே வைத்திருந்தீர்கள்! அதே பாடத்தில் எருசலேமின் நிஷ்மத் என்ற பெண்கள் கல்வி நிறுவனம் பயிற்றுவித்த முதல் பெண் ஆலோசகர்கள் 1999இலேயே வெளிவந்துவிட்டார்கள். ஆண் ரபியிடம் வாய்திறக்கக் கூசிய பெண்கள் அவர்களிடம் கேட்கிறார்கள். அவர்களால் நியமம் தளர்ந்துவிடவில்லை. கேட்கவே தயங்கியவர்களும் கேட்டுக் கடைப்பிடிக்கிறார்கள்.

மரபு இடம் தராது என்பீர்கள். மகளுக்குத் தோரா, அதாவது வேதம், கற்பிக்காதே என்ற ரபி எலியேசரின் குரல் தல்மூத்தின் மூலநூலான மிஷ்னாவில் இருக்கிறது, உண்மைதான். கற்பிப்பது தந்தையின் கடமை என்ற பென் அசாயின் குரலும் அதே இடத்தில், அவருக்கு முந்தைய வரியில் இருக்கிறது. இரண்டையும் அழிக்காமல் வைத்திருப்பதுதானே உங்கள் மரபு? 1917இல் கிராக்கோவில் சாரா ஷெனிரர் என்ற தையல்காரி இருபத்தைந்து சிறுமிகளோடு பள்ளி தொடங்கினார். அன்றும் புருவங்கள் உயர்ந்தன. ஹஃபெட்ஸ் ஹாயிம் என்று போற்றப்பட்ட மதச் சட்ட அறிஞர் போன்ற பெரியவரே பெண் கல்விக்கு ஆதரவாக நின்றார். இன்று மிகவும் கட்டுப்பாடான குடும்பங்களும் அந்த வழிவந்த பள்ளிகளுக்குத்தான் பெண்பிள்ளைகளை அனுப்புகின்றன.

எங்கள் வீட்டு வேதாகமத்தில் என் பாட்டி திரும்பத் திரும்ப வாசித்த பகுதி எண்ணாகமம் 27. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்ற ஐந்து சகோதரிகள் மோசேக்கு முன்பாக வந்து நின்று, தகப்பனுடைய பங்கைக் கேட்டார்கள். மோசே விரட்டவில்லை, தானே தீர்ப்பும் சொல்லவில்லை. கடவுளிடம் கொண்டுபோனார். அவர்கள் பேசியது சரி என்றுதான் பதில் வந்தது. சவ்தாவுக்கும் இந்தக் கதை உயிர். நான் அந்த ஐந்து பெயர்களையும் தமிழ் உச்சரிப்பில் சொல்ல, அவர் எபிரேயத்தில் திருத்துவார்.

பெரியோர்களே, தீர்ப்பைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடாதீர்கள். தனி அறை, தனித் தேர்வு, தனிச் சான்றிதழ் என்று எதையும் கண்டுபிடிக்காதீர்கள். ஆண்களுக்குக் கொடுக்கும் அதே நாளில், அதே வினாத்தாளை அந்தப் பேத்தியின் கையிலும் கொடுங்கள். கடுமையாகவே திருத்துங்கள், அவள் அதற்குத் தயாராகத்தான் இருக்கிறாள்.

பணிவுடன்,
சவ்தாவைப் பார்த்துக்கொண்டவள்